38 கிராம் மிச்சம்: 1:8 அளவில் ஒரு ஜீரோ

மிட்சுபிஷி ஜீரோ என்ற ஜப்பானியச் சண்டை விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி சரியாக 12 மீட்டர். எட்டால் வகுத்தால் 1,500 மில்லிமீட்டர். ரிமோட்டில் பறக்கும் என் மாடலுக்கு 1:8 அளவைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் இந்த முழு எண்தான். விமானத்தின் நீளம் 9.06 மீட்டர், மாடலில் 1,132 மி.மீ. இறக்கைப் பரப்பு 22.44 சதுர மீட்டர். பரப்பு என்பதால் 64ஆல் வகுக்க வேண்டும்; 0.35 சதுர மீட்டர் வருகிறது. எடையை 512ஆல் வகுக்க வேண்டும். போருக்குக் கிளம்பும்போது 2,410 கிலோ இருந்த விமானம் 4.7 கிலோ ஆகிறது. இந்தச் சின்ன இறக்கையில் அவ்வளவு எடையை ஏற்றினால், எங்கள் திடலில் அது தரையிறங்கும் வேகத்தை என்னால் சமாளிக்க முடியாது. அதனால் 2,200 கிராம் என்று இலக்கு வைத்துக்கொண்டேன். அந்த எண்ணைப் பட்டறைச் சுவரில் மார்க்கரால் எழுதியும் வைத்தேன்.

நான்கு வருடமாக ஃபோம் விமானங்களைத்தான் பறக்கவிட்டு வந்தேன். பெட்டியைப் பிரித்து, நான்கு திருகு முடுக்கி, பேட்டரி மாட்டினால் பறக்கும். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு விமானம் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்ள அதன் இறக்கைக்கு வடிவம் தரும் விலா எலும்பு மாதிரியான ரிப் ஒவ்வொன்றையும் கையால் தொட வேண்டும் என்று தோன்றியது. வரைபடத்திலிருந்து தொடங்கி, பால்சா என்ற இலேசான மரத்தில் கட்ட ஜீரோவை எடுத்தேன். இரண்டாம் உலகப் போரின் சண்டை விமானங்களில் எடையைக் குறைப்பதற்காக இவ்வளவு பிடிவாதமாக உழைத்து வடிவமைத்தது வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எடையைக் குறைப்பதுதானே மாடல் கட்டுபவர்களின் அன்றாடக் கவலையும்!

1937 அக்டோபரில் ஜப்பானியக் கடற்படை புதிய கப்பல் விமானத்துக்கான தேவைப் பட்டியலை இறுதி செய்தது. ஷோவா ஆட்சியின் 12ஆம் ஆண்டு என்பதால் அதற்கு 12-ஷி என்று பெயர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் வேண்டும். கூடுதல் எரிபொருள் கலனோடு ஆறு முதல் எட்டு மணி நேரம் வானில் நிற்க வேண்டும். இரண்டு 20 மி.மீ. பீரங்கிகளும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளும் சுமக்க வேண்டும். கப்பலின் மேல்தளத்திலிருந்து எதிர்க்காற்றில் 70 மீட்டருக்குள் எழும்ப வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு, திரும்புவதில் முந்தைய 96ஆம் வகை விமானத்துக்குச் சளைக்கவும் கூடாது. அந்த 96ஆம் வகை, சக்கரம் மடங்காத, விமானி அறை திறந்திருக்கிற சிறிய விமானம். பட்டியலைப் பார்த்த நாகஜிமா நிறுவனம் 1938 ஜனவரியில் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. மிட்சுபிஷியில் எஞ்சியவர் ஜிரோ ஹோரிகோஷி. 96ஆம் வகையை வடிவமைத்தவரும் அவர்தான்.

அவருக்குக் கிடைத்த எஞ்சின்களோ சிறியவை. முதல் இரண்டு மாதிரி விமானங்களில் மிட்சுபிஷியின் சுய்செய் எஞ்சின். புறப்படும்போது 780 குதிரைத் திறன். மூன்றாவதிலிருந்துதான் 940 குதிரைத் திறனுள்ள சகாயே. அது விலகிப்போன நாகஜிமாவின் எஞ்சின். ஆயிரம் குதிரைத் திறன்கூட இல்லாமல் அந்தப் பட்டியலை நிறைவேற்ற ஒரே வழிதான் இருந்தது. எடை.

மரம் பொறுக்கியது

ஒரு மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன். இந்த அளவில் 20 பால்சா தகடுகள் வாங்கினேன். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். தராசில் வைத்தால் ஒன்று 23 கிராம், இன்னொன்று 41 கிராம். முதல் நாள் முழுவதும் எடைபோட்டு, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எண் எழுதி, மூன்று அடுக்காகப் பிரித்தேன். இலேசானவை வாலுக்கு. நடுத்தரமானவை ரிப்புக்கு. கனமானவை விமானத்தின் வயிற்றுப் பகுதிக்கும், இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரின் நடுச்சுவருக்கும். வாலில் ஒரு கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும். ஜீரோவுக்கு மூக்கு குட்டை, வால் நீளம். வாலில் ஒட்டும் பசைக்குக்கூடக் கணக்கு வேண்டும்.

அந்த நீள வால் அழகுக்காக வைத்ததல்ல. 20 மி.மீ. பீரங்கி சுடும்போது விமானம் தலையாட்டாமல் நிற்க வேண்டும் என்பதற்காக ஹோரிகோஷி உடலை நீட்டினார். திசைச் சுக்கானுக்கும் பின்னால் கூம்பு மாதிரி நீண்டு முடிகிறதே, அந்த வடிவம் அப்படி வந்தது.

உண்மையான விமானத்தின் பிரதான ஸ்பாருக்கு அப்போது சுமிட்டோமோ நிறுவனம் புதிதாக உருவாக்கியிருந்த 'எக்ஸ்ட்ரா சூப்பர் டியூராலுமின்' என்ற அலுமினியக் கலவையைப் பயன்படுத்தினார்கள். ஒரே வலிமைக்கு மெலிந்த உலோகம் போதும். ஆனால் எனக்கு அதைவிட வியப்பாக இருந்தது இன்னொரு முடிவு. எந்த உறுப்பும், வரக்கூடிய அதிகபட்சப் பளுவைப்போல 1.8 மடங்கைத் தாங்க வேண்டும் என்பது அன்றைய விதி. மெலிந்த நீண்ட சில உறுப்புகள் அமுக்கத்தில் வளைந்தாலும் பளு நீங்கியதும் பழைய நிலைக்கே வந்துவிடுகின்றன, அவற்றுக்கு 1.6 போதும் என்று ஹோரிகோஷி வாதிட்டார். விதியை மீறவில்லை. விதி எதற்காக எழுதப்பட்டது என்று பார்த்து, அது தேவைப்படாத இடத்தில் மட்டும் தளர்த்தினார். இதைப் படித்த அன்று என் ரிப்களில் எடைக்குறைப்பு ஓட்டைகளைத் திரும்ப வரைந்தேன். நடுவில் பெரியதாக, ஸ்பார் உட்காரும் பள்ளத்தைச் சுற்றி ஓட்டையே இல்லாமல். லேசர் கட்டிங் கடையில் வெட்டி வாங்கியபோது 26 ரிப்களும் சேர்ந்து 71 கிராம்.

ஒற்றை இறக்கை

ஜீரோவின் இடது இறக்கையும் வலது இறக்கையும் தனித்தனி இல்லை. இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை ஒரே துண்டு. விமானி அறை இருக்கும் நடு உடலும் அதோடு சேர்ந்தே கட்டப்பட்டது. விமானத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் அறைக்குப் பின்னால் உடலைத்தான் கழற்ற வேண்டும். இறக்கையை உடலோடு இணைக்கும் கனமான உலோகப் பொருத்திகள் இதனால் மிச்சம்.

மாடலிலும் அதே கேள்வி வந்தது. இரண்டாகப் பிரியும் இறக்கை என்றால் கார்பன் குழாய், அதைத் தாங்கும் உறை, பிளைவுட் கட்டை என்று 110 கிராம் கூடும். ஒரே துண்டாகக் கட்டினால் எடை மிச்சம், ஆனால் ஒன்றரை மீட்டர் இறக்கையை வீட்டிலிருந்து திடலுக்குக் கொண்டுபோக வேண்டும். என்னிடம் இருப்பது ஸ்கூட்டர்.

ஒரே துண்டாகவே கட்டினேன். மேலும் கீழும் 8×4 மி.மீ. பைன் சட்டம், நடுவில் நார் செங்குத்தாக நிற்கும்படி வெட்டிய பால்சாச் சுவர். நடுப்பகுதியில் 3 மி.மீ. பிளைவுட் எலும்பு. இறக்கை மேல்நோக்கிச் சாயும் கோணம் அந்தப் பிளைவுட்டில்தான் இருக்கிறது. அதை மூன்று முறை அட்டையில் வெட்டிப் பார்த்த பிறகே மரத்தில் கைவைத்தேன்.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டிய மிக முக்கியமான வேலை வாஷ்அவுட். அதாவது இறக்கையின் நுனிப் பகுதி, வேர்ப் பகுதியைவிடக் கொஞ்சம் மூக்கு தாழ்ந்து முறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஜீரோவில் இது இரண்டரை டிகிரி. எதற்கு? வேகம் குறையும்போது இறக்கையின் மேல் காற்று பிய்த்துக்கொண்டு போவதைத்தான் ஸ்டால் என்கிறோம். அது நுனியில் முதலில் நடந்தால், விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டுவதற்காக அங்கே இருக்கும் எய்லரான் தட்டு செத்து, ஒரு பக்கம் சாய்ந்து விமானம் சுழன்றுவிடும். முறுக்கு இருந்தால் வேர்ப்பகுதி முதலில் ஸ்டால் ஆகும். நுனியில் காற்று இன்னும் ஒட்டியிருக்கும். எய்லரான் பேச்சுக் கேட்கும். கப்பலின் தளத்தில் மெதுவாக வந்து இறங்க வேண்டிய விமானத்துக்கு இது உயிர்.

என் நுனி ரிப்பின் அகலம் 150 மி.மீ. இரண்டரை டிகிரிக்கு அதன் பின்விளிம்பை 6.5 மி.மீ. உயர்த்த வேண்டும். 6.5 மி.மீ. உயரத்துக்குச் சீவிய ஆப்புக் கட்டையை நுனியில் வைத்து, வேர் நோக்கிப் படிப்படியாகக் குறையும் ஆப்புகளை மற்ற ரிப்களின் கீழ் வைத்து, மேசையில் ஊசி குத்தி, மேல்பக்கத் தகட்டை ஒட்டினேன். பசை காய்ந்து ஊசிகளை எடுத்தபோது அந்த முறுக்கு அப்படியே நின்றது. ஒளிக்கு நேராகப் பிடித்துப் பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு நுனியும் ஒரே அளவு முறுகியிருந்தன. அன்று ராத்திரி நான் அந்த இறக்கையைக் கீழே வைக்கவே இல்லை.

அப்புறம்தான் அந்த 38 கிராம்.

மேல்பக்கம் முழுவதும் 1.5 மி.மீ. பால்சாத் தகடு போர்த்தியாயிற்று. கீழ்ப்பக்கத்தில், சக்கரத்துக்கு வெளியே இருக்கும் பகுதியில் தகடு தேவையா என்று யோசித்தேன். சூடுவைத்து ஒட்டும் படலம் மட்டும் போட்டால் 38 கிராம் மிச்சமாகும். யாரும் கீழேயிருந்து பார்க்கப் போவதில்லை. விமானப் படைப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் காட்டினேன்.

"சார், கீழ ஷீட் போடாம விட்டா 38 கிராம் மிச்சம் ஆகுது."

"விடுங்க தம்பி, வேண்டாங்கல. வேரை ஒரு கையில புடிச்சு, நுனியை இன்னொரு கையால முறுக்கிப் பாருங்க. அது என்ன சொல்லுதோ அதைக் கேளுங்க."

முறுக்கிப் பார்த்தேன். கொஞ்சம் கொடுத்தது. படலம் போர்த்தினால் இறுகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேலே நகர்ந்துவிட்டேன்.

மூக்கும் நிறமும்

உடல், வால், எஞ்சின் மூடி எல்லாம் மூன்று வாரத்தில் முடிந்தன. அவற்றில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை; வளைக்க வேண்டிய பால்சாவை வெந்நீரில் நனைத்து வளைத்தால் பிளக்காது, அவ்வளவுதான். சக்கரங்கள் மின்சாரத்தில் மடங்குபவை, இரண்டும் சேர்ந்து 190 கிராம். ஜீரோவின் சக்கரங்கள் உள்நோக்கி மடங்கும். விரியும்போது கால்கள் அகலமாக நிற்கும். தரையில் தள்ளாடாத சண்டை விமானம் என்று அதற்கு நல்ல பெயர் உண்டு. மேடுபள்ளமான புல்திடலில் இறங்கும் எனக்கும் அந்த அகலம் வேண்டியிருந்தது.

முதல் மாதிரி விமானத்தில் இரண்டு இதழ் ப்ரொப்பெல்லர்தான் இருந்தது. அதிர்வு அதிகமாக இருந்ததால் மூன்று இதழுக்கு மாற்றினார்கள். நானும் சோதனைக்கு 14×7 இரண்டு இதழ் மாட்டி ஓட்டிவிட்டு, பிறகு 13 அங்குல மூன்று இதழுக்கு மாறினேன். என்னுடையது தோற்றத்துக்காகச் செய்த மாற்றம். மூன்று இதழைச் சமன் செய்ய ஒரு மாலை ஆயிற்று: கனமான இதழின் பின்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, அச்சில் வைத்தால் எந்த நிலையிலும் நிற்கும்வரை.

ஈர்ப்பு மையம், இறக்கையின் சராசரி அகலத்தில் முன்னிருந்து 26 சதவீதத்தில் வர வேண்டும். நான்கு செல் 4,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை மோட்டார் சுவரோடு ஒட்டித் தள்ளியும் வால் தாழ்ந்தது. மூடிக்குள் 140 கிராம் ஈயம் வைத்த பிறகுதான் சமநிலை வந்தது. மொத்த எடை 2,460 கிராம். சுவரில் எழுதிய எண்ணை 260 கிராம் தாண்டிவிட்டேன்.

நிறத்துக்கு 1942 ஏப்ரலின் கப்பல் விமானங்களைத் தேர்ந்தெடுத்தேன்: சாம்பல் உடல், கறுப்பு மூடி, சிவப்பு வட்டம். அந்த ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பு மீதும், 9ஆம் தேதி திருகோணமலை மீதும் வந்த ஜப்பானியத் தாக்குதல் விமானங்களுக்குத் துணையாக வந்தவை இந்த ஜீரோக்கள்தான். அவற்றை எதிர்த்து எழும்பிய பிரிட்டிஷ் ஹரிக்கேன்கள் கடுமையாக அடிவாங்கின. திருகோணமலையிலிருந்து விலகித் தெற்கே போய்க்கொண்டிருந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் குண்டுவீச்சில் மூழ்கியது. நம் கரைக்கு இவ்வளவு அருகே வந்த விமானம் இது. அழகான விமானம்தான். ஆனால் அதன் முதல் சண்டை, 1940 செப்டம்பர் 13 அன்று, குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருந்த சுங்கிங் நகரத்தின் வானத்தில் நடந்தது. 13 ஜீரோக்கள், ஒன்றுகூட விழவில்லை, எதிரே வந்த சீன விமானிகளின் பழைய ரஷ்ய விமானங்கள் வரிசையாக விழுந்தன. சிவப்பு வட்டத்தை ஒட்டும்போது அதையும் நினைத்துக்கொண்டுதான் ஒட்டினேன்.

முதல் நாள்

இறக்கையை எப்படித் திடலுக்குக் கொண்டுபோனேன் என்பதைச் சொல்ல வேண்டும். முதல் ஜீரோ நாகோயாவின் தொழிற்சாலையில் கட்டி முடிந்தபோது பக்கத்தில் ஓடுதளம் இல்லை. 48 கிலோமீட்டர் தள்ளி ககாமிகஹாராவில்தான் இருந்தது. லாரியில் ஏற்றினால் மோசமான சாலையில் குலுங்கிச் சேதமாகிவிடும் என்று, விமானத்தை இரண்டாகப் பிரித்து மாட்டு வண்டிகளில் ஏற்றி அனுப்பினார்கள். 1939 மார்ச்சில் இது நடந்தது. அந்தக் காலத்தின் மிக நவீனமான விமானம் ராத்திரி முழுக்க மாட்டு வண்டியில் போயிற்று. ஏப்ரல் 1 அன்று பறந்தது. நான் ஒரு குட்டியானை வண்டி பிடித்து, பழைய மெத்தையை விரித்து, அதன் மேல் இறக்கையைக் குறுக்கே வைத்து, பக்கத்தில் நானே உட்கார்ந்துகொண்டேன். ஓட்டுநர் அண்ணனிடம் வேகத்தடை வரும்போதெல்லாம் மெதுவாகப் போகச் சொன்னேன். அவரும் முகம் சுளிக்காமல் போனார்.

காலை ஆறரை மணி, காற்றே இல்லை. எங்கள் குழு அனுமதி வாங்கிப் பறக்கவிடும் திடல். த்ராட்டிலை மெதுவாகக் கூட்டினேன். வால் எழும்பியது, உடனே மூக்கு இடப்பக்கம் இழுத்தது. ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றினால் விமானம் இடப்பக்கம் போகப் பார்க்கும். திசைச் சுக்கானை (ரட்டர்) வலப்பக்கம் கொடுத்ததும் நேரானது. 25 மீட்டரில் தரையை விட்டது.

உயரத்தில் வைத்து த்ராட்டிலைக் குறைத்து, வாலில் இருந்து மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரை மெல்ல இழுத்துப் பார்த்தேன். வேகம் குறைந்துகொண்டே போனது. இறக்கை சாயவில்லை. கடைசியில் மூக்கு மட்டும் நேராகக் கீழே குனிந்தது, வேகம் பிடித்துத் தானாக நிமிர்ந்தது. இரண்டாவது முறை, குனியும் நொடியில் எய்லரானை இடமும் வலமும் ஆட்டினேன். கேட்டது. ஆறரை மில்லிமீட்டர் ஆப்புக் கட்டை அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. ஜீரோவின் விமானிகள் மெதுவான வேகத்தில் அதை எப்படி அவ்வளவு நம்பித் திருப்பினார்கள் என்று அந்த நிமிடம் கையில் உணர்ந்தேன்.

தலைகீழாகவும் பறந்தேன். உண்மையான ஜீரோவில் மிதவைக் கார்புரேட்டர். மூக்கைத் திடீரென்று கீழே அமுக்கினால் எரிபொருள் வராமல் எஞ்சின் இருமும். என் மோட்டாருக்கு அந்தக் கவலை இல்லை.

பிறகு உயரத்திலிருந்து ஒரு டைவ். பாதி த்ராட்டில், நாற்பது டிகிரி சரிவு. விமானம் திடலின் நடுவைத் தாண்டும்போது 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். பெரிய வண்டு தகரத்துக்குள் மாட்டிக்கொண்டால் வருமே, அப்படி. "த்ராட்டில் குறைங்க! மெல்ல இழுங்க!" என்று சார் பின்னாலிருந்து கத்தினார். குறைத்தேன். சத்தம் நின்றது. ஆனால் வலது எய்லரான் வேலை செய்யவில்லை. இடதை மட்டும் வைத்து, அகலமாக ஒரு வட்டம் போட்டு இறக்கிவிட்டேன். எய்லரானை அசைக்கும் சிறிய மோட்டாரான வலது சர்வோவின் பல்சக்கரம் முழுக்க வழுவழுவென்று தேய்ந்திருந்தது. எய்லரானின் கீல்களில் இரண்டு பிய்ந்திருந்தன. கீழ்ப்பக்கப் படலத்தில், நுனியை ஒட்டி, மூலைவிட்டமாகச் சுருக்கங்கள்.

சார் அந்தச் சுருக்கங்களை விரலால் தடவினார். வேறொன்றும் சொல்லவில்லை.

சுருக்கங்கள்

ஃப்ளட்டர் என்பது இதுதான். காற்றில் எய்லரான் ஆடத் தொடங்குகிறது. அந்த ஆட்டம் இறக்கையை முறுக்குகிறது. இறக்கையின் முறுக்கம் எய்லரானை இன்னும் ஆட்டுகிறது. ஒரு வேகத்துக்குக் கீழே காற்று இந்த ஆட்டத்தைத் தணிக்கும். அந்த வேகத்தைத் தாண்டினால் அதே காற்று ஆட்டத்துக்குச் சக்தி கொடுக்கும். ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடலாம்.

ஜீரோவில் இது உயிர்களைப் பறித்தது. 1940 மார்ச் 11 அன்று இரண்டாவது மாதிரி விமானம் சோதனை டைவில் சிதறியது. ஓட்டியவர் ஒகுயாமா. எலிவேட்டரின் ஆட்டத்தைத் தடுக்க அதன் முன்னால் ஓர் எதிர் எடை பொருத்தியிருந்தார்கள். அந்த எடையைத் தாங்கிய கை முன்பே உடைந்து போயிருந்ததுதான் காரணம் என்று முடிவு செய்தார்கள். கையை வலுவாக்கினார்கள். அந்த ஜூலையில் விமானம் படையில் சேர்ந்தது. ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் அது 2600. கடைசி எண்ணான சுழியால்தான் அதற்கு ஜீரோ என்ற பெயரே வந்தது.

அடுத்தது 1941 ஏப்ரல். காகா என்ற விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்த நிக்காய்டோ என்ற விமானி டைவிலிருந்து மீளும்போது இறக்கைத் தகட்டில் சுருக்கங்கள் விழுவதைப் பார்த்தார். எய்லரான் பிய்ந்து போனது. எப்படியோ தப்பி இறங்கினார். மறுநாள், 17ஆம் தேதி, யோகோசுகாவில் ஷிமோகாவா என்ற சோதனை விமானி அதே நிலையைத் திரும்ப உண்டாக்கிப் பார்க்க டைவ் அடித்தார். விமானத்திலிருந்து துண்டுகள் பறந்தன. கடலில் விழுந்து இறந்துபோனார்.

காரணத்தைத் தேடியவர் கடற்படையின் அதிர்வு ஆய்வாளர் ததாஷி மட்சுடைரா. அதற்கு முன் காற்றுக்குகையில் சோதித்த இறக்கை மாடலில் வடிவம் சரியாக இருந்தது, எடைப் பங்கீடும் சரியாக இருந்தது. ஆனால் முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு உண்மையான இறக்கையைப்போல இல்லை. விறைப்பும் பொருந்தும்படி புது மாடல் செய்து காற்றில் வைத்தார். முன்பு கணித்ததைவிடக் குறைந்த வேகத்திலேயே அது துடிக்கத் தொடங்கியது. எய்லரானை இலகுவாக்குவதற்காகச் சேர்த்த சிறிய சமன்தட்டு நிலைமையை மோசமாக்கியது என்பதும் தெரிந்தது. அதன் பிறகு இறக்கையின் வெளிப்பகுதித் தகட்டைத் தடிமனாக்கினார்கள். மட்சுடைரா போருக்குப் பின் ரயில்வே ஆய்வுக்குப் போய், வேகமாக ஓடும் ரயிலின் சக்கரங்கள் ஏன் பாம்புபோல ஆடுகின்றன என்று ஆராய்ந்தார். ஷின்கான்சென் ரயில் நிலையாக ஓடுவதில் அவர் பங்கு பெரிது.

நான் செய்தது அதே தவறு. என் மாடலும் வடிவத்தில் சரி, எடையில் சரி. விறைப்பை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. மேல்தகடும் கீழ்த்தகடும் ஸ்பாரும் சேர்ந்தால்தான் இறக்கை மூடிய குழாய் ஆகும். மூடிய குழாயை முறுக்குவது கடினம். ஒரு பக்கம் திறந்துவிட்டால் அது நெடுக்காகப் பிளந்த மூங்கில் மாதிரி, இரண்டு விரலால் முறுக்கலாம். ஹோரிகோஷி 1.8ஐ 1.6 ஆக்கியபோது எந்த உறுப்பில் ஆக்கலாம் என்று பார்த்துத்தான் ஆக்கினார். நான் கண்ணுக்குத் தெரியாத இடம் எது என்று மட்டும் பார்த்தேன். ஈயத்துக்கு 140 கிராம் கொடுத்தவன், வாலில் இன்னும் பத்து கிராம் குறைத்திருந்தால் மூக்கில் முப்பது மிச்சமாகியிருக்கும். குறைக்க வேண்டிய இடம் அது.

பழுது பார்த்தது

படலத்தை உரித்தேன். இறக்கையை மறுபடி அதே ஆப்புக் கட்டைகளின் மேல் வைத்து, முறுக்கு மாறாதபடி ஊசி குத்தி, கீழ்ப்பக்கத் தகட்டை ஒட்டினேன். தகட்டின் நார் ஸ்பாருக்கு இணையாகப் போகாமல் வெளிப்பகுதியில் 45 டிகிரியில் வெட்டிப் போட்டேன். முறுக்கத்தை அது நன்றாக எதிர்க்கும். பசையோடு சேர்த்து 44 கிராம் கூடியது.

பழுதான சர்வோவின் கைத்துளை, கம்பியைவிட அரை மில்லிமீட்டர் பெரிதாகியிருந்தது. அது ஃப்ளட்டருக்கு முன்பே இருந்ததா, அதனால் வந்ததா என்று பிரிக்க முடியாது. எப்படியும் இரண்டு பக்கமும் உலோகப் பல்சக்கரச் சர்வோ, பந்து மூட்டு இணைப்பு, 2 மி.மீ. எஃகுக் கம்பி. எய்லரானின் கொம்பில் வெளித்துளைக்கு மாற்றினேன். ஆட்டம் குறைவு, பிடிமானம் அதிகம். எய்லரானின் முன்விளிம்புக்குள் நுனிப்பக்கம் ஆளுக்கு நான்கு கிராம் ஈயக் குச்சி. கீலைவிட்டுக் கழற்றி, கீல் கோட்டில் ஊசியில் தொங்கவிட்டால் இப்போது பின்விளிம்பு கீழே விழுவதில்லை, மட்டமாக நிற்கிறது.

இதையெல்லாம் செய்யும்போது எலிவேட்டரைப் பற்றியும் யோசித்தேன். வேகம் கூடும்போது விமானி தன் கட்டுப்பாட்டுக் கோலை அதே அளவு இழுத்தால் விமானம் பல மடங்கு வெடுக்கென்று எழும்பும். ஹோரிகோஷி இதற்கு ஒரு வழி கண்டார். எலிவேட்டருக்குப் போகும் கம்பிகளை விதி சொல்வதைவிடக் கொஞ்சம் தளர்வான விறைப்பில் அமைத்தார். வேகத்தில் காற்றின் அழுத்தம் கூடும்போது கம்பி தானாகக் கொஞ்சம் நீளும், எலிவேட்டர் குறைவாகத் திரும்பும். மெதுவான வேகத்திலும் வேகமான வேகத்திலும் விமானியின் கைக்கு ஒரே உணர்வு. இவ்வளவு எளிமையான, இவ்வளவு நுட்பமான தீர்வை நான் வேறு எங்கும் படித்ததில்லை. என் மாடலில் அதைச் செய்து பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தளர்ந்த இணைப்பு ஃப்ளட்டரை அழைக்கும். எதிர் எடை சரியாக இருந்தால்தான் அதைத் தடுக்கலாம். ஒரு முறை அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு, டிரான்ஸ்மிட்டரில், குச்சியின் நடு நிலையில் அசைவை மென்மையாக்கும் எக்ஸ்போ அமைப்பை 35 சதவீதம் வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

எய்லரானில் அப்படி ஒரு தீர்வு அவருக்குக் கிடைக்கவில்லை. அலாஸ்காவின் அகுட்டன் தீவில் 1942 ஜூனில் இறங்க முயன்று கவிழ்ந்த ஒரு ஜீரோவை அமெரிக்கர்கள் கண்டெடுத்து, சான் டியேகோவில் பழுது பார்த்தார்கள். செப்டம்பரில் எடி சாண்டர்ஸ் என்ற கடற்படை விமானி அதை ஓட்டிப் பார்த்தார். 200 நாட் (மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் எய்லரான்கள் இறுகிப்போய், உருள்வது மெதுவாகவும் கடினமாகவும் ஆகிறது என்று முதல் பறத்தலிலேயே தெரிந்தது. வலப்பக்கம் உருள்வது இடப்பக்கத்தைவிடக் கடினம் என்பதும் தெரிந்தது. வேகமாகக் கீழே பாய்ந்து வலப்பக்கம் உருண்டால் ஜீரோவால் தொடர முடியாது. மெதுவான வேகத்தில் அவ்வளவு இனிமையாகத் திரும்ப வைத்த அந்தப் பெரிய எய்லரான்களே வேகத்தில் விமானியின் கைகளைக் கட்டிப்போட்டன. எரிபொருள் கலனுக்குத் தானாக அடைத்துக்கொள்ளும் உறை இல்லை, விமானிக்குப் பின்னால் கவசம் இல்லை. எஞ்சினின் திறன் கூடாமல் இவற்றைச் சேர்க்க இடமே இல்லாதபடி கட்டப்பட்ட விமானம் அது.

இரண்டாம் நாள்

ஆறு வாரம் கழித்து அதே திடல், அதே குட்டியானை, அதே மெத்தை. எடை 2,530 கிராம். கிளம்பும் முன் சார் இறக்கையின் வேரை ஒரு கையில் பிடித்து, நுனியை மற்றக் கையால் முறுக்கிப் பார்த்தார். "இப்ப சரி தம்பி" என்றார்.

ஸ்டால் சோதனையை முதலில் செய்தேன். எடை கூடியதால் கொஞ்சம் முன்னதாகவே குனிந்தது, ஆனால் நேராகத்தான் குனிந்தது. பிறகு டைவ். முதலில் இருபது டிகிரி, கால் த்ராட்டில். அப்புறம் முப்பது. அப்புறம் நாற்பது, பாதி த்ராட்டில். திடலின் நடுவைத் தாண்டும்போது காது முழுவதையும் அங்கே வைத்திருந்தேன். மோட்டார் சத்தமும் காற்றின் விசிலும் மட்டும் கேட்டன. மேலே இழுத்து ஒரு மெதுவான ரோல் போட்டேன், இடப்பக்கம். பிறகு வலப்பக்கம் ஒன்று.

இறக்கியபின் படலத்தைச் சாய்த்து வெயிலில் பார்த்தேன். சுருக்கம் இல்லை. சர்வோக் கைகளை ஆட்டிப் பார்த்தேன், தளர்வு இல்லை. வலது சக்கரத்தின் மூடி மட்டும் புல்லில் மாட்டிக் கழன்றிருந்தது. அடுத்த ஞாயிறுக்குள் அதை ஒட்டிவிட வேண்டும். அதோடு வாலின் பின்கூம்பைத் திறந்து, உள்ளே நான் கனமாக விட்டுவைத்திருக்கும் இரண்டு பிளைவுட் சட்டங்களைப் பால்சாவுக்கு மாற்றப் போகிறேன். ஏழு கிராம் குறையும் என்று தராசு சொல்கிறது. மூக்கில் இருபது கிராம் ஈயத்தை எடுத்துவிடலாம்.